அனுமதிப்பத்திரக் காணியில் கட்டிய சீதன வீடு: அப்பா இறந்த பின்னர் யாருக்குச் சேரும்?

கேள்வி (மத்தியமுகாம், அம்பாறை மாவட்டம்)

வணக்கம். நாங்கள் நாவிதன்வெளி பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் அப்பப்பாவுக்குக் கிடைத்து, பின்னர் அப்பாவின் பெயருக்கு மாறிய அனுமதிப்பத்திரக் காணியின் மேட்டு வளவிலேயே எங்கள் குடும்பம் இருக்கிறது. பிள்ளைகள் மூவரில் நான் மூத்தவள். அடுத்தவர் தம்பி. கடைசித் தங்கச்சிக்கு இன்னும் திருமணமாகவில்லை.

எனக்குக் கலியாணம் பேசி முடித்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி, வளவின் கிழக்குப் பாதியில் அப்பா ஒரு கல்வீடு கட்டிச் சீதனமாகத் தந்தார். அந்தப் பாதியையும் வீட்டையும் மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டதாகக் கடிதம் எழுதி, முத்திரை ஒட்டி, சமாதான நீதவான் ஒருவரின் முன்னிலையில் கையெழுத்தும் வைத்தார். மின்சாரப் பட்டியல் என் கணவரின் பெயரில் வருகிறது. பழைய வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறார்கள்.

அப்பா கடந்த ஆண்டு காலமானார். தன்னைத்தான் அப்பா பின்னுரித்தாளராக (தனக்குப் பின் காணியைப் பெறுபவராக) நியமித்திருக்கிறார் என்றும், ஆகவே முழு வளவும் தனக்குரியது என்றும், நான் வீட்டை விட வேண்டும் அல்லது காணியின் பெறுமதியைத் தனக்குத் தர வேண்டும் என்றும் தம்பி சொல்கிறார். இதற்கிடையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேளாண்மைச் செலவுக்காக அப்பா ஊரில் ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கி, மூல அனுமதிப்பத்திரத்தை அவரிடம் ஈடாகக் கொடுத்திருந்தார். அவர் இப்போது வட்டியும் முதலுமாக நான்கு இலட்சம் கேட்கிறார். தராவிட்டால் காணியைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்வேன் என்கிறார்.

அப்பாவின் கடிதம் செல்லுமா, அம்மாவுக்கு என்ன உரிமை இருக்கிறது, அந்தக் கடனுக்கு நாங்கள் பொறுப்பா என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும். தம்பியுடன் வழக்காடும் எண்ணம் எனக்கு இல்லை. பிள்ளைகளோடு தெருவில் நிற்கவும் முடியாது.

பதில் (ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர், கல்முனை)

மகள், உங்கள் வளவு உறுதிக் காணி, அதாவது தனியாருக்குச் சொந்தமான காணி, அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணி. மற்றைய எல்லா விடைகளும் இதிலிருந்தே வருகின்றன. உறுதிக் காணி என்றால் தகப்பன் இறந்ததும் பாதி மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். அனுமதிப்பத்திரக் காணிக்கு அந்த விதி பொருந்தாது. அது பங்கு பங்காகப் பிரிந்து போவதில்லை, அந்தக் கட்டளைச் சட்டம் சொல்லும் ஒழுங்கில் ஒருவரின் கைக்கே போகும்.

அப்பா எழுதிய கடிதத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அதிகாரமுள்ள அலுவலரின் முன் எழுத்திலான சம்மதம் இல்லாமல் இந்தக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. சமாதான நீதவான் கையெழுத்திட்டாலும், நொத்தாரிசு உறுதியே முடித்தாலும், சம்மதம் பெறாத கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. உங்கள் அப்பா மனதாரத் தந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிம்களும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுக்கிறார்கள். ஆனால் கொலனிக் காணிகளில் அந்த வழக்கம் கடதாசியில் ஏறாமலே தலைமுறைகள் போய்விட்டன. என் சேவைக்காலத்தில் இதே வடிவில் வந்த குடும்பங்களைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். ஆயினும் கடிதத்தை வீசிவிடாதீர்கள். அது உரிமையை மாற்றாவிட்டாலும், நீங்கள் யாருடைய அனுமதியுடன், எப்போது முதல் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று.

அடுத்தது அம்மா. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால், நியமிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், உயிருடன் இருக்கும் வாழ்க்கைத்துணைக்கே முதலில் உரிமை வருகிறது. தம்பி முறையாக நியமிக்கப்பட்டிருந்தாலும் அம்மாவின் காலத்துக்குப் பின்னரே அவருடைய முறை வரும். எனவே இன்றைய நிலையில் அந்த வளவில் யார் இருக்கலாம் என்று சொல்லும் இடத்தில் இருப்பவர் அம்மாதான். நியமனம் இல்லாமல் மனைவி என்ற வகையில் மட்டும் வந்தவரானால், காணியை விற்கவோ புதிதாக ஒருவரை நியமிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்பதையும் கூடவே மனதில் வையுங்கள்.

வாழ்க்கைத்துணை, அனுமதிப்பத்திரக்காரர் இறந்து ஆறு மாதங்களுக்குள் காணியின் ஆட்சிக்கு வர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அம்மா அங்கேயே தொடர்ந்து இருப்பதால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பெயர் மாற்றத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மரண அத்தாட்சிப் பத்திரமும் விவாகப் பதிவும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். அந்தக் காலத்தில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றால், உங்கள் மூவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் எடுத்துச் செல்லுங்கள். பெற்றார் விவாகமானவர்களா என்ற கூடு அதில் இருக்கிறது.

முதல் வேலையாகப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில், அனுமதிப்பத்திரங்களைப் பதிந்து வைக்கும் பேரேட்டைப் பாருங்கள். தம்பி வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. பின்னுரித்தாளர் நியமனம் உரிய படிவத்தில் எழுதப்பட்டு, அப்பா உயிருடன் இருந்த காலத்திலேயே பதிவாகியிருந்தால்தான் செல்லும். பேரேட்டைக் காட்டத் தாமதமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

பதில் (சட்ட உதவிப் பணியில் இருப்பவர், மட்டக்களப்பு)

ஐயா சொன்னவற்றோடு, உங்களை அங்கிருந்து எழுப்ப முயன்றால் என்ன செய்வது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். உரித்து யாருக்கு என்பது வேறு, இன்று ஆட்சியில் இருப்பவர் யார் என்பது வேறு. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தம்பி உங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போடவோ, வேலியைப் பிடுங்கவோ, சாமான்களை வெளியே எடுத்துப் போடவோ முடியாது. அப்படி நடந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ்ப் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம்; அவர்கள் செய்யாவிட்டால் நீங்களே மனுச் செய்யலாம். அந்த வழக்கில் நீதவான் காணிச் சொந்தக்காரர் யார் என்று ஆராய்வதில்லை. ஆட்சியில் இருந்தவர் யார், இரண்டு மாதங்களுக்குள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் பார்க்கிறார். இந்த இரண்டு மாதக் கணக்கைத் தவறவிட்டு, உறவினர் பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருந்து, பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்த பெண்களை நான் அறிவேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மின்சாரப் பட்டியல்கள், வாக்காளர் இடாப்பின் பிரதி, பிள்ளைகளின் பாடசாலை அனுமதியில் உள்ள முகவரி, அப்பாவின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோவையில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியச் சென்றால், "பாதியைக் கொடுத்துச் சமாதானமாகப் போங்கள்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்ப்பதும் உண்டு. உங்களுக்கு விளங்காத எதிலும் கையெழுத்திடாதீர்கள். இணக்க சபைக்குப் போவது நல்லதுதான். ஆனால் அங்கே காணியைப் பிரிப்பதாக நீங்கள் மூவரும் உடன்பட்டாலும், அந்த உடன்பாடு பிரதேச செயலாளரின் சம்மதத்துக்கு ஈடாகாது.

பேரேட்டைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணிப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் பொறுமையாகப் பேரேட்டை விரித்துக் காட்டினார். அப்பாவின் பெயருக்கு நேரே, பின்னுரித்தாளர் என்ற நிரலில் தம்பியின் பெயர் நீல மையால் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பக்கத்தில் பதிவு இலக்கமும் திகதியும் இல்லை. அலுவலரின் ஒப்பமும் இல்லை. மேலே அப்பப்பாவிடமிருந்து அப்பாவுக்கு மாறிய பதிவில் இவை மூன்றும் இருக்கின்றன. இதற்கு என்ன பொருள்? தம்பியின் பெயர் செல்லாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் (ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர், கல்முனை)

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நியமனப் படிவம் பிரதேச செயலகத்தில் உள்ள உங்கள் காணிக் கோவையில் வேறாக இருக்கலாம். பேரேட்டில் ஏற்றும்போது விபரம் விடுபட்டிருக்கலாம். கோவையைத் தேடி, நியமனப் படிவம் உண்டா, அது எந்தத் திகதியில் பதிவானது என்று எழுத்தில் பதில் தருமாறு அம்மாவின் பெயரில் கடிதம் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்க வேண்டாம். கல்முனைக் காணிப் பதிவகத்திலும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

படிவம் இல்லை, பதிவும் இல்லை என்று பதில் வந்தால், நீல மையால் எழுதிய பெயர் நியமனமாகாது. அப்போது அம்மாவுக்குப் பின் யார் என்பதைக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் தீர்மானிக்கும். முன்பு அந்த அட்டவணையில் மகன்மார் முதலிலும் மகள்மார் அதன் பின்னரும் வந்தார்கள். மூத்த மகள் வீட்டில் இருக்க, எங்கோ ஊரை விட்டுப் போன மகனுக்குக் காணி போனதற்கு அதுவே காரணம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிவிட்டது. இப்போது பிள்ளைகளுள் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை. உங்கள் வீட்டில் அது நீங்கள்.

பதில் (சட்ட உதவிப் பணியில் இருப்பவர், மட்டக்களப்பு)

நான் சொல்ல வைத்திருந்ததும் இதுதான். ஆனால் நியமனம் இல்லையென்றால் முழு வளவும் உங்கள் பெயருக்கு வந்து, தங்கச்சியின் பழைய வீடு உங்கள் தயவில் நிற்கும். நியமனம் உண்டென்றால் நீங்கள் இருவரும் தம்பியின் தயவில் நிற்பீர்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒருவருக்குக் கடதாசி இருக்காது. ஆகவே அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளில், பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள். உங்கள் வளவு அதைவிட இரு மடங்கோ கூடவோ இருந்தால், நில அளவை செய்து பிரித்துத் தருமாறு அம்மா உயிருடன் இருக்கும்போதே மூவரும் சேர்ந்து பிரதேச செயலாளரிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தம்பியிடம் பேசும்போது "உனக்கு உரிமையில்லை" என்று தொடங்காமல், இந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்தை நாடலாம்.

பதில் (களுவாஞ்சிகுடி)

கடனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கடன் பிரிவில் வேலை செய்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூல அனுமதிப்பத்திரத்தை வைத்திருப்பதால் அந்த மனிதருக்குக் காணியில் எந்த உரிமையும் வராது. இந்தக் காணிகளை ஈடு வைப்பதானால் சம்மதம் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட வங்கி போன்ற நிறுவனங்களிடமே வைக்க முடியும். கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பு எடுத்தாலும், தனியாரொருவர் இந்தக் காணியைக் கைப்பற்றி விற்பிக்க முடியாது. "எழுதிக்கொள்வேன்" என்பது வெறும் பயமுறுத்தல். பத்திரம் அவரிடம் இருப்பதாக எழுதிக் கொடுத்துப் பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள்.

நீங்கள் பிணை நின்று கையெழுத்திடவில்லையென்றால், அப்பாவின் கடனைப் பிள்ளைகள் தம் கைப்பணத்திலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. அப்பா விட்டுச் சென்ற ஆதனத்திலிருந்தே அது தீர்க்கப்பட வேண்டும். நியாயமான கடனைக் கொடுத்து முடிக்க நீங்கள் விரும்பினால் அது நல்ல மனம்தான். அப்போதும், நிலுவை வட்டி முதலுக்கு மேல் போக முடியாது என்ற விதி 1852ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் எந்த நீதிமன்றமும் தீர்ப்புக் கொடுக்காது. அப்பா ஏற்கனவே கட்டியதற்குச் சிட்டைகள் இருந்தால் தேடி எடுங்கள்.

எழுத்தில்லாத கடனுக்கு மூன்று ஆண்டுகளிலும் வாக்குறுதிப் பத்திரத்துக்கு ஆறு ஆண்டுகளிலும் வழக்குத் தொடரும் காலம் முடிந்துவிடும். புதிதாக எழுதிக் கொடுக்கும் ஒரு வரி அந்தக் காலத்தை மீண்டும் தொடக்கிவிடும். அதனால் கடன் வாங்கிய திகதியும், எழுத்தில் ஏதும் உண்டா என்பதும் தெரியும்வரை, கடனை ஏற்றுக்கொள்வதாக அம்மாவோ நீங்களோ ஒரு துண்டிலும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பணம் கொடுத்தே தீர்ப்பதென்று முடிவெடுத்தால், அதே நேரத்தில் மூல அனுமதிப்பத்திரத்தையும் கடன் முழுவதும் தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டையும் கையில் வாங்கிக்கொண்டே கொடுங்கள்.