ஏற்காடு ஏறும்போது கேம்பர் பேட்டரி சார்ஜ் ஆகல, லித்தியம் மாத்தித்தான் ஆகணுமா?

மலைவழி_வேன்

எல்லாருக்கும் வணக்கம், சேலம் அஸ்தம்பட்டில இருந்து எழுதறேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ்6 டெம்போ டிராவலர் எடுத்து உள்ள ரெண்டு பெட்டு, சிங்க்கு, 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் எல்லாம் வச்சு கேம்பரா மாத்தியிருக்கேன். பின்னாடி ஃப்ரிட்ஜ், லைட்டுக்கான ஹவுஸ் பேட்டரி 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர், வீட்டு இன்வெர்ட்டருக்கு போடறதே தான், வாங்கி ஒரு வருசம் தான் ஆச்சு. கூரை மேல 100 வாட் பேனல் ரெண்டு சீரிஸ்ல, எம்பிபிடி சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். எஞ்சின் பேட்டரிக்கும் ஹவுஸ் பேட்டரிக்கும் நடுவுல ஒரு விஎஸ்ஆர், அதாங்க வோல்டேஜ் ஏறினா தானா ஒட்டிக்கற ரிலே.

பிரச்சனை என்னன்னா அடிவாரத்துல ஆரம்பிச்சு 20 ஹேர்பின் பெண்டும் ஏறி ஏற்காடு போய் சேர்ந்தா எஞ்சின் ஓடின நேரத்துக்கு பேட்டரி நல்லா ஏறியிருக்கணும் இல்லீங்களா, ஒண்ணுமே ஏறல. நடுராத்திரி இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்துது, ஃப்ரிட்ஜ் நின்னுடுது, காலைல மீட்டர் 11.9 காட்டுது. ஆனா திரும்பி சேலம் இறங்கி வந்து பாத்தா கொஞ்சம் ஏறியிருக்கு, இது தான் எனக்கு புரியவே இல்ல. பேட்டரி கடைல கேட்டா மீட்டர கூட கைல எடுக்காம "பேட்டரி போச்சுங்க, லித்தியம் போட்டுடுங்க"ன்னு சொல்லி ரேட்டு எழுதி குடுத்துட்டாங்க. நெஜமாவே மாத்தணுமா?

ஜங்ஷன்_ரைடர்

யோசிக்காம லித்தியம் போடுங்க ப்ரோ. எடை பாதி கூட வராது, 100 ஏஎச்ல 80 வரைக்கும் தாராளமா இழுக்கலாம், தண்ணி ஊத்தற வேலையும் இல்ல. நான் போட்டுட்டு நிம்மதியா இருக்கேன்.

கொண்டலாம்பட்டி_வயரிங்

இருங்க இருங்க, அவசரப்படாதீங்க. ஏறும்போது சார்ஜ் ஆகல இறங்கும்போது ஆகுதுன்னு நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. பிஎஸ்6 வண்டிங்கள்ல நிறைய மாடல்ல ஆல்டர்னேட்டர, அதாங்க எஞ்சின் சுத்தி கரண்ட் எடுக்கற மிஷின, ஈசியுன்னு சொல்ற எஞ்சின் கம்ப்யூட்டர் தான் கன்ட்ரோல் பண்ணுது. முன்னாடி இருக்கற எஞ்சின் பேட்டரி ஃபுல்லா ஆயிடுச்சுன்னா, இல்ல எஞ்சின் மேட்டுல மூச்சு வாங்கிட்டு ஏறுதுன்னா, டீசல் மிச்சம் பண்ண வோல்டேஜ 12.5, 12.8ன்னு குறைச்சு வச்சுக்கும், நீங்க ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்து இறக்கத்துல வந்தா அப்ப 14.5க்கு மேல தூக்கி விடும். உங்க விஎஸ்ஆர் பெரும்பாலும் 13.3ல ஒட்டும், 12.8ல விட்டுடும். அப்ப ஏத்தம் பூரா அது விட்டுட்டு தான் நிக்கும், பின்னாடி பேட்டரிக்கு ஒரு ஆம்பியர் கூட போகாது.

இப்ப இதே வயரிங்ல லித்தியம் போட்டா என்ன ஆகும்னு பாருங்க. லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். ஆல்டர்னேட்டர் 12.8 குடுத்தா அது எப்படிங்க லித்தியத்துக்குள்ள போகும்? எஞ்சின ஆஃப் பண்ணினாலும் ரிலே விடாது, ரெண்டு பேட்டரியும் கோர்த்துக்கிட்டே கிடக்கும், லித்தியம் முன்னாடி பேட்டரிக்கு சும்மா ஊட்டிக்கிட்டு இருக்கும். அப்புறம் இறக்கத்துல 14.5 வரும்போது லித்தியம் எவ்ளோ குடுத்தாலும் இழுக்கும், ஆல்டர்னேட்டர் கொதிச்சு போயிடும். ஜங்ஷன் ப்ரோ, உங்க வண்டில நடுவுல வோல்டேஜ தூக்கி அளவா குடுக்கற டிசி-டிசி சார்ஜர் இருக்கும்னு நெனைக்கறேன், அத சொல்லாம விட்டுட்டீங்க.

முதல்ல ஒரு மல்டிமீட்டரும் டிசி ஆம்பியர் காட்டற கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கோங்க. கவனம், கம்மி வெலைக்கு கிடைக்கற கிளாம்ப் மீட்டர் நிறையது ஏசி மட்டும் தான் அளக்கும், கேட்டு வாங்குங்க. எஞ்சின ஸ்டார்ட் பண்ணின உடனே முன் பேட்டரி டெர்மினல்ல எவ்ளோ, அதே நேரம் பின் பேட்டரி டெர்மினல்ல எவ்ளோ, நடுவுல எத்தன ஆம்பியர் போகுதுன்னு எழுதுங்க. இருபது நிமிசம் கழிச்சு மறுபடி எழுதுங்க. அப்புறம் மீட்டர் ரெண்டு முனையையும் ஃப்யூஸ் ஹோல்டரோட ரெண்டு பக்கமும் வச்சு பாருங்க, அங்க வோல்ட் காட்டினா அங்க தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். வயர் எத்தன ஸ்கொயர் எம்எம், எத்தன மீட்டர்னும் சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர பின்னாடி உக்கார வச்சு ஏத்தத்துலயும் இறக்கத்துலயும் படிக்க சொன்னா இன்னும் நல்லது. வண்டி ஓட்டிட்டே நீங்க பாக்காதீங்க, அந்த பெண்டுல அது வேற வினை.

மலைவழி_வேன்

அண்ணா ரொம்ப நன்றிங்க, மச்சான பின்னாடி உக்கார வச்சு எல்லாம் எழுதிட்டு வந்துட்டேன்.

ஸ்டார்ட் பண்ணின உடனே முன்னாடி 14.1, பின்னாடி 13.2, வயர்ல 22 ஆம்பியர். இருபது நிமிசம் ஐடில்ல விட்டா முன்னாடி 12.9க்கு வந்துடுச்சு. ஏத்தத்துல 12.6, ரிலே லைட்டு அணைஞ்சு போச்சு. இறக்கத்துல கால எடுத்தா 14.6, லைட்டு எரியுது, மறுபடி ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அணைஞ்சுடுது, டிக்கு டிக்குன்னு சத்தம் வேற. நீங்க சொன்னது அப்படியே இருக்குங்க. வயர் 6 ஸ்கொயர் எம்எம், பாசிட்டிவ் 5 மீட்டர், நெகட்டிவ் 5 மீட்டர். ஃப்யூஸ் ஹோல்டர்ல 0.26 காட்டுது, தொட்டா சுடுது.

கொண்டலாம்பட்டி_வயரிங்

அப்ப கணக்கு கரெக்டா வருது பாருங்க. 6 ஸ்கொயர் எம்எம் காப்பர்ல போய் வர 10 மீட்டர்னா 0.029 ஓம், 22 ஆம்பியருக்கு 0.64 வோல்ட் வயர்லயே காலி. ஹோல்டர்ல 0.26. ரெண்டும் சேந்தா 0.9, அதே தான் 14.1க்கும் 13.2க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம். அந்த ஹோல்டர் மட்டும் ஆறு வாட் கிட்ட சூடா எரிச்சுட்டு இருக்கு, அத இன்னைக்கே கழட்டுங்க, பிளாஸ்டிக் உருகறதுக்கு முன்னாடி. போல்ட் போட்டு முறுக்கற டைப் ஃப்யூஸ் ஹோல்டர் வாங்குங்க. வயர 16 ஸ்கொயர் எம்எம் ஆக்கினா அதே 22 ஆம்பியருக்கு 0.24 தான் போகும். ரெண்டு பேட்டரி பக்கத்துலயும் ஒவ்வொரு ஃப்யூஸ் வேணும், ஒரு பக்கம் மட்டும் போட்டு விட்டுடாதீங்க, வயர் உரசி ஷார்ட் ஆனா ரெண்டு பக்கத்துல இருந்தும் கரண்ட் வரும்.

வயர் மாத்தினாலும் ஏத்தத்துல வர்ற 12.6 மாறாது. அதுக்கு டிசி-டிசி சார்ஜர் தான் வழி. உள்ள 12.5 வந்தா கூட வெளிய 14.4 ஆக்கி குடுக்கும். உங்க 150 ஏஎச் டியூபுலருக்கு 20 ஆம்பியர் மாடல் போதும், டியூபுலர் மெதுவா சாப்பிடற ஜாதி, பத்துல ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் தான் அதுக்கு சௌகரியம்.

காப்பித்தோட்டம்

ஏற்காட்டுல இருந்து எழுதறேன். வயரிங் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு விசயம் யாரும் பேசல. சேலத்துல இருந்து இங்க ஒரு மணி நேரம் தான். 20 ஆம்பியர் சார்ஜர் போட்டாலும் 20 ஏஎச் தான் ஏறும். நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ செலவு பண்றீங்கன்னு போட்டு பாருங்க. ஃப்ரிட்ஜ் 45 வாட்னு வச்சுக்குவோம், பாதி நேரம் ஓடுச்சுன்னா 45 ஏஎச். லைட்டு, ஃபேன், பம்ப்பு, போன் எல்லாம் ஒரு 15. இன்வெர்ட்டர 24 மணி நேரமும் ஆன்ல வச்சா எதுவும் மாட்டலன்னாலும் ஒரு ஆம்பியர் கிட்ட தின்னும், அது 24. ஆக 84. டியூபுலர்ல பாதிக்கு மேல எடுக்க கூடாது, அப்ப உங்க கிட்ட இருக்கறது 75 தான். நடுராத்திரி கத்தாம என்ன பண்ணும்? இன்வெர்ட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு போன 12 வோல்ட் சாக்கெட்ல போடுங்க, அதுலயே கால்வாசி மிச்சம்.

அப்புறம் சோலார். நல்ல வெயில்ல 200 வாட் பேனல் ஒரு நாளைக்கு 55, 60 ஏஎச் குடுக்கும், அது சமவெளில. இங்க எல்லாரும் வண்டிய கொண்டாந்து சில்வர் ஓக் நெழல்ல தான் நிறுத்தறீங்க, மிளகு கொடி படர்ந்த மரம், போட்டோக்கு நல்லாருக்கும், பேனலுக்கு ஒண்ணும் கிடைக்காது. பேனல சீரிஸ்ல இருந்து பேரலல் ஆக்குங்க, ஒண்ணுல நெழல் விழுந்தாலும் இன்னொண்ணு அது பாட்டுக்கு ஓடும். மடக்கற பேனல் ஒண்ணு நீள வயரோட வச்சுக்கிட்டா வெயில் இருக்கற எடத்துல போய் விரிக்கலாம். பனி மூட்டம் எறங்கிட்டா எதுவும் பேருக்கு தான், அன்னைக்கு ஹோம்ஸ்டேல பிளக் குடுங்கன்னு கேக்கறத தவிர வேற வழி இல்ல.

மலைவழி_வேன்

இன்வெர்ட்டர் இவ்ளோ திங்கும்னு தெரியாதுங்க. சரி, இப்ப பேட்டரி நல்லாருக்கா போச்சான்னு எப்படி பாக்கறது? ஃபுல்லுன்னா 12.7 இருக்கணும்னு நெட்ல போட்டிருக்கு, எனக்கு அந்த அளவுக்கு வந்ததே இல்ல.

கொண்டலாம்பட்டி_வயரிங்

அந்த 12.7 கார் பேட்டரி கணக்கு. நம்ம ஊர் டியூபுலர்ல ஆசிட் கிராவிட்டி, அதாவது அடர்த்தி, ஃபுல்லுல 1240 தான், அதனால ரெஸ்ட்ல 12.5 வந்தாலே ஃபுல்லு. வீட்ல 15 ஆம்பியர் சார்ஜர் போட்டு ராத்திரி முழுக்க ஏத்துங்க, டிஸ்டில்டு வாட்டர் லெவல் பாத்துக்கோங்க, அப்புறம் அந்த கிராவிட்டிய அளக்கற ஹைட்ரோமீட்டர் விட்டு ஆறு செல்லயும் பாருங்க. ஒரு செல்லு மட்டும் மத்ததுக்கு 30 பாயிண்டுக்கு மேல கம்மியா நின்னா அந்த பேட்டரி போச்சு. எல்லாம் ஒண்ணு போல கம்மின்னா சரியா ஃபுல் ஆகாம கிடந்து உள்ள தகட்டுல சல்ஃபேட் படிஞ்சிருக்கு, ரெண்டு மூணு தடவ நல்லா ஏத்தினா ஓரளவு திரும்பும்.

இன்னொண்ணு, பேட்டரி பெட்டுக்கு அடில தானே இருக்கு? சார்ஜ் ஏறும்போது அதுல இருந்து தீப்பிடிக்கற ஹைட்ரஜன் வாயு வரும். பெட்டிய மூடி ஒரு ஹோஸ் வெளிய விடுங்க, இது கண்டிப்பா பண்ணணும். பெண்டுல சாயும்போது மூடி வழியா ஆசிட் கசியும், டெர்மினல்ல பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணி ஊத்தி கழுவிட்டு வாசலின் தடவுங்க.

மலைவழி_வேன்

பாத்துட்டேன் அண்ணா, ஆறு செல்லும் 1220க்கும் 1235க்கும் நடுவுல தான் இருக்கு. லித்தியம் ரேட்டு சீட்ட கிழிச்சு போட்டாச்சு. 20 ஆம்பியர் டிசி-டிசி ஆர்டர் போடறேன். அதுல இக்னிஷன் வயர்னு ஒண்ணு இருக்கு, அத எங்க குடுக்கறது? பழைய ரிலே அப்படியே இருக்கட்டுமா, ஒரு சேஃப்டிக்கு?

கொண்டலாம்பட்டி_வயரிங்

ரிலேவ கண்டிப்பா கழட்டிடுங்க. அது இருந்தா டிசி-டிசி பின்னாடி ஏத்தற 14.4 ரிலே வழியா முன்னாடி வந்து மறுபடி டிசி-டிசிக்குள்ளயே போகும், சும்மா சுத்திக்கிட்டு சூடாகும். இக்னிஷன் வயர ஃப்யூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற ஃப்யூஸ் ஒண்ணுல டேப் எடுங்க, ஈசியு, ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஃப்யூஸ் பக்கமே போகாதீங்க. வோல்டேஜ் பாத்து ஆன் ஆகற செட்டிங்ல விட்டீங்கன்னா பழைய கதை தான், ஏத்தத்துல ஆஃப் ஆயிடும். சார்ஜர் புரொஃபைல்ல, அதாவது பேட்டரி டைப் செட்டிங்ல, ஜெல்லுன்னு வைக்காம ஃப்ளட்டட்னு, தண்ணி ஊத்தற டைப்னு வைங்க. சோலார் கன்ட்ரோலர்லயும் அதே.