நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டனாரின் சொந்த ஊரைக் கண்டறிய வழி உண்டா?

கேள்வி: டர்பன் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் பிறந்து வளர்ந்த நான், திருமணத்திற்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வசித்து வருகிறேன். என் கணவரின் குடும்பம் நான்கு தலைமுறைகளாக இங்கேயே இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர் இப்போது எவரும் இல்லை என்றாலும், தைப்பூசக் காவடியும் ஆடி மாதத்து மாரியம்மன் கூழும் ஆண்டு தவறாமல் நடக்கின்றன. என் மாமனார் எண்பதைக் கடந்தவர். தம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

எங்களிடம் உள்ள செய்திகள் சொற்பமே. பாட்டனாரின் பெயர் ‘மூன்சாமி’ என்று ஆவணங்களில் காணப்படுகிறது. அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர் என்றும், டர்பனை உள்ளடக்கிய அன்றைய ஆங்கிலேயக் காலனியான நேட்டாலின் வட கடற்கரைப் பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார் என்றும் வீட்டில் சொல்வார்கள். குடும்பப் பெயர் ‘கவெண்டர்’. அது ‘கவுண்டர்’ என்பதன் திரிபு என்பதால், கொங்கு நாட்டிலிருந்து வந்திருப்பார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. மாமனாருடைய தந்தையின் பிறப்புச் சான்றிதழில், பெற்றோர் இருவரின் பெயர்களுக்கும் எதிரே தனித்தனியாக ஐந்து இலக்க எண்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவை எதைக் குறிக்கின்றன? நான் தேட வேண்டியது சென்னையிலா, டர்பனிலா?

பதில் 1: ஆவணப்பித்தன்

அம்மா, அந்த எண்கள் கையில் இருக்கும்போது நீங்கள் பெயரைக் கொண்டு தேடவே வேண்டாம். அவற்றைக் காலனி எண் என்பார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை, ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் வந்திறங்கிய 1,52,184 பேருக்கும் வரிசையாக எண் தரப்பட்டது. பெற்றோருடன் வந்த சிறு பிள்ளைகளுக்கும் தனி எண் உண்டு. முனுசாமி என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வந்திருப்பார்கள். குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியதால், அந்தப் பெயருக்கே பல வடிவங்கள் இருக்கும். எண்ணில் அந்தக் குழப்பம் கிடையாது.

எண்ணைப் பார்த்தே காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். 1860 முதல் 1866 வரை வந்தவர்கள் 6,445 பேர். அதன்பின் நேட்டாலில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தால் ஆள் சேர்ப்பு நின்றுபோயிற்று. 1871இல் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பியவர்கள், தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அதன் விளைவாக 1872இல் விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, 1874இல்தான் மீண்டும் கப்பல்கள் புறப்பட்டன. ஆகவே, ஐந்து இலக்க எண் என்றால் உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் 1874க்குப் பிறகு வந்தவர்கள் என்பது உறுதி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் வடஆர்க்காடும் சேலமும் பெரிதும் பாதிக்கப்பட்டன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கப்பல்வாரியான பட்டியல்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம், வேலைக்கு அமர்த்தியவர் ஆகிய விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இவை கணினித் தரவாகவும் தொகுக்கப்பட்டுள்ளன. நீங்கள் டர்பனிலேயே வசிப்பதால் நேரில் செல்வதே சிறந்தது. சென்னையில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், குடிபெயர்வு பற்றிய அரசு நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு என்றாலும், தனி ஒருவரைத் தேடுவதற்கு அங்கிருந்து தொடங்குவது வீண் அலைச்சல்.

வேலைக்கு அமர்த்தியவர் பெயரும் வீட்டில் சொல்லப்படும் தோட்டத்தின் பெயரும் பொருந்தாவிட்டால் கலங்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் இடம் மாறியது சாதாரணம். அதிலும் 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் நேட்டாலிலேயே தங்க விரும்பியவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், வரி விதித்தது. மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய கூலியில் அது ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமம். அதற்கு அஞ்சி மறுபடியும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு வேறு தோட்டத்துக்குப் போனவர்கள் பலர். 1913ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பிறகு, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது.

பதில் 2: வாலாஜா வாசி

கொங்கு நாடு பற்றிய உங்கள் ஐயத்திற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கவுண்டர் என்ற பட்டம் கொங்கு வேளாளருக்கு மட்டும் உரியதன்று. எங்கள் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் வன்னியரும் அப்பட்டத்தைப் போட்டுக்கொள்வது இன்றும் வழக்கம். ஆகவே வீட்டுப் பேச்சுக்கும் குடும்பப் பெயருக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடல் கடந்தபின் பட்டத்தை மாற்றிக்கொண்டவர்களும், தந்தையின் இயற்பெயரே குடும்பப் பெயராகிப் போனவர்களும் ஏராளம். பட்டத்தைக் கொண்டு சாதியையும், சாதியைக் கொண்டு ஊரையும் ஊகிப்பது சரியான வழியாகாது என்பது என் கருத்து.

பட்டியலில் ‘வடஆர்க்காடு ஜில்லா’ என்று இருந்தால், அதை இன்றைய வேலூர் மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வடஆர்க்காடு மிகப் பெரியது. 1911இல் அதன் வடபகுதியைப் பிரித்துத்தான் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். அன்று சித்தூரோடு போன திருத்தணி 1960இல்தான் நம் பக்கம் வந்தது. அதே 1911இல், அதுவரை சேலம் ஜில்லாவில் இருந்த திருப்பத்தூர் தாலுகா வடஆர்க்காட்டில் சேர்ந்தது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எனவே, பட்டியலில் ‘போளூர் தாலுகா’ என்றால் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலும், ‘பலமநேர் தாலுகா’ என்றால் ஆந்திரத்திலும் தேட வேண்டியிருக்கும். தாலுகா பெயர் தெளிவாகக் கிடைத்துவிட்டால் கிராமத்தை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமன்று. பழைய ஆங்கில எழுத்தை மனத்துக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இப்பகுதியில் பழகியவர் காதில் விழுந்தால் பாதி ஊர்கள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

பதில் 3: ஆய்வு மாணவி

முதல் பதிலில் எல்லாம் இருக்கிறது. ஆனால் இதுவரை பாட்டியாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை! சான்றிதழில் இரண்டு எண்கள் உள்ளன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாட்டியாரும் ஒப்பந்தத்தில் வந்தவர், அவருக்கென்று ஒரு கப்பலும் ஒரு கிராமமும் உண்டு. நூறு ஆண்களுக்கு இத்தனை பெண்கள் கட்டாயம் என்ற விதி இருந்ததால், கணவனை இழந்தவர்களும் குடும்பத்தை விட்டு வந்தவர்களுமாகத் தனியே கப்பலேறிய பெண்கள் கணிசமானோர். இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருந்தால் இருவரும் சேர்ந்தே பதிவு செய்யப்பட்டவர்கள் என்று கொள்ளலாம். எண்கள் வெகு தூரம் விலகியிருந்தால் திருமணம் நேட்டாலில் நடந்திருக்க வேண்டும். அப்போது பாட்டியாரின் ஊர் தஞ்சாவூராகவோ விசாகப்பட்டினமாகவோகூட இருக்கலாம்.

டர்பன் மருமகள்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பதில்களைப் படித்த பிறகுதான் சான்றிதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு எண்களுக்கும் இடையே பல ஆயிரம் வேறுபாடு இருக்கிறது. பாட்டியாரின் எண்ணில் கடைசி இலக்கம் 1ஆ, 7ஆ என்று விளங்கவில்லை. இதற்கு ஏதேனும் வழி உண்டா?

ஆவணப்பித்தன்

உண்டு, அம்மா. முதலில் 1 என்றும் 7 என்றும் முடியும் இரண்டு எண்களையும் பட்டியலில் பாருங்கள். அவற்றுள் ஒன்று ஆணாகவோ, சான்றிதழில் உள்ள பெயருக்குச் சற்றும் பொருந்தாததாகவோ இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். இரண்டுமே பெண்களாக அமைந்துவிட்டால், அவருடைய மற்றப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளையும், அவருடைய திருமண, இறப்புப் பதிவுகளையும் தேடுங்கள். அவற்றிலும் காலனி எண் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. நேட்டால் இறப்புப் பதிவுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சொத்து ஏதேனும் விட்டுச் சென்றிருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அதற்கான கோப்பு இருக்கலாம். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் இட்டுத் தேடிவிட்டுச் சென்றால் அலைச்சல் குறையும். தாலுகா, கிராமம் பெயர்கள் கிடைத்ததும் பட்டியலில் உள்ள எழுத்து மாறாமல் அப்படியே இங்கே பதியுங்கள். வாலாஜா நண்பர் வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்வார்.