பாட்டில்லாத பழைய படங்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, பாட்டே இல்லாத தமிழ்ப் படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) தான் எனக்கு முதலிடம். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். இன்றைக்கும் சலிக்கவில்லை. அடுத்தது பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988). கட்டி முடியாத வீட்டை சொக்கலிங்க பாகவதர் சுற்றிப் பார்ப்பாரே, அதற்காகவே மறுபடி பார்ப்பேன். ‘குருதிப்புனல்’ (1995) ஏனோ மனதில் ஒட்டவில்லை. ‘கைதி’ (2019) விறுவிறுப்பு சரி, சண்டையைக் குறைத்திருக்கலாம் (அடிக்க வராதீர்கள்!).

1960, 70களில் இப்படி வேறு என்னென்ன வந்தன? ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) கேள்விப்பட்டதோடு சரி, பார்க்கக் கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.