சிங்கப்பூர் – நியூயார்க்: அம்மாவுக்கு நேரடி விமானம் ஏற்றதா?

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் என் அம்மாவை வரும் டிசம்பரில் நியூயார்க்கிற்கு அழைத்துக்கொள்ள இருக்கிறேன். எந்த வழியில் வரச் சொல்வது என்பதில் உங்கள் அனுபவம் எனக்குத் தேவை. அவருக்கு வயது 72. ஒரு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலே கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையாது.

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். நேரடியாகச் செல்லும் ஏர்பஸ் ஏ350 இதைக் கடக்க 18 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. காற்றின் போக்கைப் பொறுத்துப் பாதையும் நேரமும் மாறும். பிராங்பர்ட் வழியாக வந்தால் முதலில் சுமார் 10,300 கிலோமீட்டரும் பிறகு 6,200 கிலோமீட்டரும் பறக்க வேண்டும். தொலைவு அதிகம் கூடவில்லை என்றாலும், தரையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் பயணம் கிட்டத்தட்ட ஒரு நாளாகிவிடுகிறது. ஆனால் நடுவில் இறங்கிச் சற்று நடக்கலாம். எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. நேரடி விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பு கிடையாது என்பதால் கட்டணமும் கூடுகிறது.

வயதான பெற்றோரை இந்த நேரடி விமானத்தில் அழைத்து வந்தவர்கள், அவர்களுக்குக் கால் வீக்கம் எப்படி இருந்தது, எத்தனை முறை எழுந்து நடக்க முடிந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள். டிசம்பரில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நள்ளிரவில் புறப்படுபவர் அதே தேதியின் விடியலில் வந்து இறங்குவார். இரத்த அழுத்த மாத்திரை வேளைகளை மருத்துவரிடம் கேட்டு எப்படி அமைத்துக்கொண்டீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.