மாத்திரை கேட்டால் சீட்டு கேட்கிறார்கள்

வேளச்சேரிக்காரி: வயது 23, கல்யாணம் ஆகவில்லை. நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவசர கருத்தடை மாத்திரைக்குப் போகிற மெடிக்கலில் எல்லாம் "ஸ்டாக் இல்லை" அல்லது "டாக்டர் சீட்டு எங்கே?". ஒருவர் என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்றே பார்த்தார். சீட்டு கட்டாயமா?

மெடிக்கல் அண்ணன்: இல்லை தங்கச்சி. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. என்கிற அவசர கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கலாம். நம் ஊரில்தான் பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. வீண் வம்பு எதற்கு என்கிற பயம்.

நர்ஸ் அக்கா: கடை கடையாக அலையாதேம்மா. 72 மணி நேரத்துக்குள் போடணும், சீக்கிரம் போட்டால் அவ்வளவு நல்லது. இன்றே மகப்பேறு டாக்டரிடம் போ. மாத்திரை கிடைக்காவிட்டால் 5 நாளுக்குள் கருப்பையில் காப்பர்-டி என்கிற கருத்தடைச் சாதனம் வைக்கலாம், பலன் அதில் இன்னும் அதிகம். மாத்திரை போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போடணும்.

வேளச்சேரிக்காரி: சரிக்கா. வீட்டுக்காரர் பெயர் கேட்டால்?

நர்ஸ் அக்கா: கல்யாணம் ஆகவில்லை என்றே சொல். 18 தாண்டியாச்சு, யார் கையெழுத்தும் வேண்டாம். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளினால் டெஸ்ட் எடுத்துப் பார்.