சிங்கிள் பேஸ் மோட்டார் டெஸ்ட்டில் மாட்டிக்கொண்ட கதைகள்

பாலக்கோட்டுக்காரன்:
ஃபைனல் இயர் லேப். நோ-லோடு (சுமையில்லாமல் ஓடவிட்டு அளப்பது), பிளாக்டு ரோட்டார் (சுழலும் பகுதியான ரோட்டாரைப் பிடித்து நிறுத்தி அளப்பது) டெஸ்ட் இரண்டும் முடித்து, மோட்டாருக்குச் சமமான சர்க்கியூட் வரைந்து நீட்டினேன். அரை எச்.பி. மோட்டார், நோ-லோடில் 3 ஆம்பியர், 110 வாட். மெயின் காயில் 3 ஓம் என்பதால் அதில் சூடாகப் போகும் காப்பர் லாஸ் 27 வாட்டைக் (3 × 3 × 3) கழித்து, மிச்சம் 83 சுழற்சி இழப்பு (உராய்வு, காற்று, இரும்பு இழப்பு) என்று எழுதியிருந்தேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்த 83 மேல் பேனாவை வைத்தார். "ரோட்டார்ல காப்பர் லாஸே இல்லையா தம்பி?"

"லோடு இல்லையே சார், ஸ்லிப் பூஜ்யம்தானே."

(ஸ்லிப் என்றால் சுழலும் காந்தப்புலத்துக்கு ரோட்டார் எவ்வளவு பின்தங்குகிறது என்ற விகிதம்.) அவர் ஒன்றும் சொல்லவில்லை. 83ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். சேலத்திலிருந்து பஸ் தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் உறைத்தது: சிங்கிள் பேஸில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு காந்தப்புலம்; எதிர்ப்பக்கம் சுழலும் புலத்துக்கு ஸ்லிப் 2 ஆச்சே, அதனால் ரோட்டாரிலும் காப்பர் லாஸ் உண்டே! அந்த வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காவேரிப்பட்டினம் ரீவைண்டிங்:
ஒரு வட்டத்துக்கா இத்தனை வருத்தம்? போன மாசம் ஒரு கிரைண்டர் மோட்டார் வந்தது, உறுமுது, சுத்தல. ஸ்டார்ட் ஆக உதவும் கண்டென்சர் செத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டைச் சுண்டினேன், சுண்டின பக்கம் ஓடியது. நிறுத்தி எதிர்ப்பக்கம் சுண்டினேன், அதுக்கும் ஓடியது. கொண்டுவந்த அக்கா, "யார் இழுத்தாலும் பின்னாடியே போகுமா இது?" என்று சிரித்தார். இரண்டு புலம் இருக்கு என்பதற்கு இதைவிட என்ன டெஸ்ட்?

அரூர் டீச்சர்:
அண்ணா, சுண்டினால் திசை தெரியும், வாட் தெரியாது. பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொல்கிறேன்: நோ-லோடில், உன் சர்க்கியூட்டில் எதிர்ப்புலத்துக்கான பின்னோக்கிய கிளையில் ரோட்டார் ரெசிஸ்டன்ஸின் கால் பங்கு நிற்கும். பிளாக்டு ரோட்டாரில் மொத்தம் 7 ஓம் வந்திருந்தால், 3 போக ரோட்டாருக்கு 4. அதில் கால் பங்கு 1 ஓம், 3 ஆம்பியருக்கு 9 வாட். ஆக 83 இல்லை, 74.

அப்புறம், இரண்டு டெஸ்ட்டிலும் ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடணும். மெயின் காயில் ரெசிஸ்டன்ஸை மோட்டார் சூடாக இருக்கும்போதே அளக்கணும். 10 டிகிரி ஏறினால் காப்பரில் சுமார் 4 சதவீதம் கூடிவிடும். நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடும் நாலு போல் மோட்டாருக்கு (புலம் 1500 சுற்று) முன் ஸ்லிப் 0.04, பின் ஸ்லிப் 1.96, இரண்டு டார்க்கையும் (சுழற்றும் விசை) தனித்தனியாகப் போட்டுக் கழிக்கணும். பிளாக்டு ரோட்டாரில் ரீடிங் எடுத்த கையோடு சுவிட்சை அணைக்கணும்.

என் கதையா? வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைக்க மறந்து ரோட்டாரைப் பிடித்தேன். புகை.

பாலக்கோட்டுக்காரன்:
74ஆ! இத்தனை வருஷமாக அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை டீச்சர்.

காவேரிப்பட்டினம் ரீவைண்டிங்:
கால் பங்கெல்லாம் சரி டீச்சர். அந்த அக்கா கண்டென்சர் காசு 180 ரூபாய் இன்னும் தரல.