இலியோஸ்டமி: எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை

பரந்தன் வயல்காரன்:
வணக்கம். நான்கு மாதத்துக்கு முன் பெருங்குடலை எடுத்து, சிறுகுடல் முனையை வயிற்றில் வெளியே கொண்டு வந்து அதில் பை வைத்தார்கள். அதைத்தான் இலியோஸ்டமி என்கிறார்கள். போன மாதம்தான் திரும்ப வயலுக்கு இறங்கினேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல், கச்சான் காற்று வேறு ஆளை உலர்த்துகிறது. நாளுக்கு நான்கு லீற்றராவது குடிக்கிறேன். குடிக்கக் குடிக்கப் பை தண்ணீராகவே நிறைகிறது. சிறுநீரோ கொஞ்சம்தான், தேயிலைச் சாயம் மாதிரி. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. குளுக்கோஸ் மா வாங்கிக் கரைத்துக் குடித்தேன், இன்னும் மோசம். சீனி வருத்தமும் தொடங்கியிருப்பதால் இனிப்புக்குப் பயம். மாமி இளநீர் குடிக்கச் சொல்கிறார். சீனி குறைந்ததாக என்ன குடிக்கலாம்?

முள்ளியவளை அக்கா:
தம்பி, எனக்குப் பை வைத்து ஏழு வருடம். முதல் வருடம் நானும் இப்படியே தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். பிறகுதான் கிளினிக்கில் ஒரு தாதி விளங்கச் சொன்னார். உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. அது இல்லாத நமக்கு உப்பு பையோடு போய்விடுகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால், சிறுகுடல் உடம்பிலிருக்கும் உப்பையும் அதற்குள் விட்டு வெளியே அனுப்பிவிடும். நீங்கள் குடித்தது குறைவில்லை, உப்பில்லாமல் குடித்தீர்கள்.

சீனி அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். குளுக்கோஸ் மா உங்களுக்குச் செய்தது அதைத்தான். ஆனால் சீனியே வேண்டாம் என்றும் இருக்கக்கூடாது. குடல் சுவரில் உப்பும் குளுக்கோசும் கைகோத்துத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். வயிற்றோட்டத்துக்குக் குடிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்புக் கலவையில் ஒரு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். கடையில் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் இந்த வகைதான். சோடாப் போத்தலில் சீனி அளவைக் காட்டும் நிற வட்டம் சிவப்பாக இருந்தால் 100 மில்லிலீற்றரிலேயே 11 கிராமுக்கு மேல் சீனி. வித்தியாசத்தைப் பாருங்கள்.

பக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். நான் கொதித்தாறிய தண்ணீரில் காலையில் கரைத்து மண்பானைக்குப் பக்கத்தில் வைப்பேன். குளிர்ந்தால் உப்புச் சுவை அவ்வளவு தெரியாது. மடமடவென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அடுத்த நாள் மிச்சத்தை ஊற்றிவிடுவேன்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, நமக்கு வேண்டிய, உப்பில் இருக்கும் சோடியம் குறைவு. மாமி ஆசையாகத் தந்தால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஒரு கோப்பை, அவ்வளவுதான். அதைவிட உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. எனக்கு வெயில் காலத்தில் பத்து மணிக் கஞ்சி தவறினால் பின்னேரம் கால் நடுங்கும். சோறு சாப்பிடும்போது குடிக்காமல் அரை மணி கழித்துக் குடியுங்கள், பையில் கொஞ்சம் தடிப்பாக வரும்.

வவுனியா மகன்:
அப்பாவுக்கும் இலியோஸ்டமி. அக்கா சொன்னதோடு ஒன்று: நம் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் இருப்பவர்கள் அதிகம், பிரஷர் உள்ளவர்களும் உண்டு. அவர்கள் தாங்களாக உப்பைக் கூட்டக்கூடாது. இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் பார்த்து டொக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பையில் வருவதை ஜக்கில் அளந்து கொப்பியில் எழுதுகிறோம். நாளுக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டினால் அன்றே கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள்.

பரந்தன் வயல்காரன்:
அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று அளந்து பார்த்தேன், இரண்டு லீற்றருக்குக் கிட்ட. பிரஷர் இல்லை. கிளினிக் அடுத்த வியாழன். அதுவரை ஜீவனி குடித்துச் சமாளிக்கலாமா?

முள்ளியவளை அக்கா:
வேண்டாம் தம்பி. இரண்டு லீற்றர், கால் பிடிப்பு, சாய நிறச் சிறுநீர், மூன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. வியாழன் வரை பார்க்காதீர்கள். ஜீவனியைப் போத்தலில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நேற்று அளந்த கணக்கையும் சொல்லுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேறு யாரையும் கேளுங்கள்.